ஆடி வெள்ளியில் கண்ணை மூடியவள்

பெங்களூரு அடுகோடியில், எங்கள் சந்தில் ஒரு பேச்சு உண்டு: "வாடகை வீட்டுல மூச்சக்கூட அளந்துதான் விடணும்." அந்த மூச்சை அளந்து விடக் கற்றுக்கொள்ளப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குத் தாளில் ஒருமுறை தோற்று, திரும்ப எழுதக் காத்திருந்த ஆடி மாதம். அப்பா இல்லாத வீடு. அம்மா ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் இருந்தாள். தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இந்த வாட்டியும் போச்சுன்னா புக்கெல்லாம் கட்டி வெச்சிட்டு என்கூட கார்மெண்ட்ஸுக்கு வா. அழுது காட்டாத. உன் கண்ணீரப் பாத்து எவனும் மார்க் போட மாட்டான்."

அதிலிருந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கை சில்லிட்டுப் போகும். எண்களெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். குழாயடியில் குடத்தோடு நிற்கும்போதுகூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். கல்லூரியில் கவுன்சிலிங் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "தியானம் பண்ணு. ஃப்ரீ ஆப் நிறைய இருக்கு. நெக்ஸ்ட்" என்றார்.

எங்களுடையது ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவரில் டிவி சத்தம், மறுபக்கச் சுவரில் மிக்ஸி சத்தம். அதனால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார ஆரம்பித்தேன். காதில் இயர்போன். மூக்கால் இழுத்து, வாயால் 'ஹா' என்று விடச் சொல்லும் ஒரு ஆண்குரல். உள்ளங்கைகள் மேலே பார்க்க முழங்காலில் வைத்திருக்க வேண்டும். பொய் சொல்லவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக எறும்புகள் அடங்கத்தான் செய்தன.

மறுநாள் பரீட்சை. அன்று வெள்ளிக்கிழமை. அம்மா வேலைக்குப் போன பிறகு தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டபடி மாடிக்குப் போய்க் கண்ணை மூடினேன்.

அடுத்த வீட்டு அக்கா துணி உலர்த்த மேலே வந்திருக்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. அம்மா வர நேரமானால் எனக்குச் சோறு போட்டவள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அந்த மனநிலையில் ஒரு பெண், ஆடி வெள்ளியில், விரித்த கூந்தலோடு லேசாக ஆடிக்கொண்டு 'ஹா, ஹா' என்று மூச்சு விடுகிறவளைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? கூந்தல் மறைத்ததில் இயர்போன் தெரியவில்லை. எனக்கோ வெளியே எதுவும் கேட்கவில்லை. நடந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"ஏய், மேல வாங்கடி! ஆத்தா எறங்கியிருக்கா!"

சந்தே மேலே வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா, "அய்யோ, மைமேல தேவரு பந்திதெ!" என்று, என்மேல் சாமி வந்துவிட்டதாகக் கன்னடத்தில் கூவிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஜீன்ஸ் போட்ட ஆத்தாவ இப்பத்தான்டி பாக்குறேன்."

"பெங்களூரு ஆத்தா அப்டித்தான். வாய மூடு, கண்ணக் குத்திடும்."

அக்கா என் முன்னால் விழுந்து கேட்டிருக்கிறாள்: "சொல்லு தாயே, அவரு வீட்டுக்கு வருவாரா?" திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். நான் 'ஹா' என்றுதான் சொன்னேனாம்.

"சூடம் கேக்குறா போல. கையப் பாரு, ஏந்திக்கினு இருக்கா."

எங்கள் சனத்தில் அப்படி ஒரு சோதனை உண்டு. சாமி வந்தவர்கள் உள்ளங்கையில் சூடம் ஏற்றுவார்கள். வந்தது நிஜச்சாமி என்றால் கை சுடாது.

என் வலது கையில் இதமாக ஒரு சூடு பரவியது. காதில் குரல் சொன்னது: "உடலில் எந்த உணர்வு எழுந்தாலும் விலக்காதீர்கள். அசையாமல் கவனியுங்கள்." எனக்குச் சந்தோஷம். தியானம் எனக்கும் கைகூடிவிட்டது என்று நினைத்தேன். கவனித்தேன். அப்புறம் அலறிக்கொண்டு கையை உதறினேன். சூடம் தொட்டியடி ஈரத்தில் விழுந்து அணைந்தது.

கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"அணைச்சிட்டியேடி!" அக்கா என் கன்னத்தில் அறைந்தாள். "என் தாலிய அணைச்சிட்டியேடி, பாவி!"

"அக்கா, நான் தியானம்தான்…" இயர்போனை உருவிக் காட்டினேன்.

"பாத்தியா, காதுல ஒயரு! பாட்டு கேட்டுக்கினு சாமியாட்டம் ஆடியிருக்கா."

ஒருத்தி சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். எரிகிற கையை அவளிடம் நீட்டினேன். "பொய்ச்சாமிக்கு ஊத்துனா தோஷம்" என்று சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சாயங்காலம் அம்மா வந்து கொப்புளத்தைப் பார்த்தாள். "வலது கையா?" என்று மட்டும் கேட்டாள். கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியபடி, "கண்ண மூடுனா அடுப்புல இருக்குற பாலே பொங்கிடும். நீ ஊருக்கு நடுவுல மூடுனியா?" என்றாள்.

மறுநாள் பரீட்சை அறையில்தான் அந்தக் கொடுமை. வினாத்தாளைப் பார்த்தேன், நெஞ்சு அடிக்கவில்லை. எண்கள் ஊரவில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. எல்லா விடையும் தெரிந்தது. பேனாவைப் பிடிக்கத்தான் முடியவில்லை. முதல் பக்கம் முடிவதற்குள் கொப்புளம் உடைந்து, சுற்றியிருந்த கைக்குட்டை நனைந்து, விடைத்தாளில் ஒட்டியது. நான் சொல்லச் சொல்ல எழுத யாராவது கிடைப்பார்களா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"அதுக்கு முன்னாடியே பர்மிஷன் வாங்கணும்மா. கை சுட்டுக்கப் போறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள். இடது கையால் எழுதிப் பார்த்தேன். எனக்கே படிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோவில் வந்து, தன் காலில் நடந்து இறங்கினார். அக்கா சர்க்கரைப் பொங்கல் வைத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள், எங்கள் கதவைத் தாண்டிப் போய். "பொய்ச்சாமி அணைச்சும் நெசச்சாமி காப்பாத்துச்சு" என்று குழாயடியில் எனக்குக் கேட்கவே சொன்னாள். அந்த மனிதர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதை யாரிடம் சொல்வது?

நான் பிழைக்கவில்லை. கணக்கு மறுபடியும் போனது. அம்மா திட்டவில்லை. புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றினாள். திங்கட்கிழமை காலையில் இரண்டு டப்பாவில் சோறு கட்டினாள்.

கார்மெண்ட்ஸ் வாசலில் பெண்கள் வரிசை ஊர்ந்தது. அம்மா என் துப்பட்டாவைச் சரிசெய்து பின் குத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள போனதும் அம்மான்னு கூப்பிடாத. சொந்தம்னு தெரிஞ்சா சூப்பர்வைசரு வேற வேற மெஷின் லைன்ல போட்டுடுவான்."

"பின்ன என்னன்னு கூப்பிடறது?"

"கூப்பிடாத" என்றாள் அம்மா. வரிசையில் எனக்கு முன்னால் இன்னொருத்தியை நிற்கவிட்டு, முன்னே போய்விட்டாள்.