சலவைக்கடை வாசலில் ஒரு ஜின்கோ

எங்கள் மலையூரில் சித்தி நடத்தும் சலவைக்கடைக்குள் நுழைந்தால் முதலில் நீராவிதான் முகத்தில் அடிக்கும். அதற்குப் பின்னால்தான் சித்தி தெரிவாள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். சூடு ஆறாத துணி மூட்டையில் சாய்ந்து எத்தனை நாள் தூங்கியிருப்பேன்!

வாசலில் நின்ற ஜின்கோ மரம் சித்தப்பா நட்டது. அவர் பஸ் டிரைவர். மெதுவாகப் பேசத் தெரியாததால் தெருவே அவரை 'ஹாரன்' என்றுதான் சொல்லும். ஜின்கோவில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. காய்க்கிற வயது வரும்வரை பார்த்துச் சொல்வது கஷ்டம். நாற்றுப்பண்ணைக்காரர் ஆண் மரம் என்று அடித்துச் சொல்லி விற்றாராம். நான் கல்லூரிக்குப் போன வருடம் அது காய்த்துத் தொலைத்தது. பழம் போலத் தெரிந்தாலும் அது சதை மூடிய விதை. கீழே விழுந்து நசுங்கினால் கெட்டுப்போன வெண்ணெய் வாடை. துவைத்த சட்டையை வாங்க வந்தவர்கள் அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள்.

"வெட்டிப் போடுங்கக்கா," என்றார் எதிர்க்கடை முடிதிருத்துபவர்.

"டைனோசர் காலத்துல இருந்து வர்ற மரம்யா! உன் கத்திரியப் பார்த்தா பயப்படும்?" என்று உள்ளேயிருந்து கத்தினார் சித்தப்பா. சதை பட்டால் தோல் அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு தினமும் அவரே பொறுக்கினார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மறதி வந்தது. துவைத்த துணி கொடுக்கப் போனவர், முடிதிருத்துபவரின் கால்சட்டையைத் தலைமையாசிரியை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஜின்கோ இலை ஞாபகசக்திக்கு நல்லது என்று யாரோ சொல்ல, மருந்து வாசலிலேயே நிற்கிறதே என்று சித்திக்கு ஒரே சந்தோஷம். விசிறி போன்ற இலைகளைப் பறித்துக் காய்ச்சிக் குடிக்க வைத்தாள். சில வாரங்களில் அவர் கையெல்லாம் கன்றிப்போனது. ஒரு காலை மூக்கில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை.

"இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரே. அதோட இதுவும் சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம்மா," என்றார் டாக்டரம்மா. "இலைல கெடுதலான பொருளும் இருக்கு. மருந்தா செய்யும்போது அதையெல்லாம் நீக்கித்தான் செய்வாங்க. நீங்க அப்படியே காய்ச்சிட்டீங்க."

"மறதியாவது குறையுமா?" என்று கேட்டாள் சித்தி.

"ஆராய்ச்சில நிறைய பேருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. மறதி நோயைத் தடுத்ததாத் தெரியலை."

வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "நானே கொன்னிருப்பேனே" என்று அழுதாள் சித்தி. மரத்தை வெட்ட ஆளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஆளுக்கு முன் குளிர் வந்துவிட்டது. கடுங்குளிர் விழுந்தால் ஜின்கோ கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்காது. ஒரே மூச்சில் கொட்டிவிடும். அன்று காலை காற்றே இல்லை. மஞ்சள் இலைகள் மழையாக இறங்கின. நடுவில் நின்ற சித்தப்பா, "ஏய், சீக்கிரம் வா!" என்று தெரு அதிரக் கூப்பிட்டார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சித்தி ஓடினாள். எதிர்க்கடையிலிருந்து முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து வந்து பார்த்தார். சித்தியின் தலையில் விழுந்த இலைகளைச் சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

வெட்ட வந்தவரை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகும் சித்தப்பா சில வருடம் இருந்தார். கடைசியில் சித்தி யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் படுக்கை விரிப்பை உதறினால் எழுந்து போய் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். இருவரும் நடந்து வந்து நடுவில் சேர்வார்கள். முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த விரிப்புக்காகப் பின்னால் போவார். அவர் இறந்த பிறகு, விரிப்பு மடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போக ஆரம்பித்தேன்.