பொம்மையின் தொண்டையில் தண்ணீர்

டாக்டர் யமுனா பேய் என்றால் சிரிக்கிறவள். அவளே சத்தியம் செய்து சொல்கிறாள், இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், திருச்சியில், ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில்.

அன்று குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பயிற்சி. கட்டிலில் ஆறு வயதுப் பிள்ளை அளவில் ஒரு ரப்பர் பொம்மை. அது மூச்சு விடும், அழும். எல்லாம் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பீமராவ் கையில். அவர் பொம்மையின் நாடியை நிறுத்துவார். டாக்டர்கள் அதைப் பிழைக்க வைத்துக் காட்ட வேண்டும்.

காலையிலிருந்தே யமுனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம்தான் வார்டில் ஒரு குழந்தை அவள் கையிலேயே போயிருந்தது.

அவள் முறை வந்தது. நாடி நின்றது. பொம்மையின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள்.

ரப்பர் ஜில்லென்று இருந்தது. ஏசி ஓடவில்லை. பிறகு ஒரு வாடை... ஆற்று வண்டல் வாடை. கீழே சத்திரம் பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தம்கூட அடங்கிப்போனது போலிருந்தது.

"சார், இதுக்குள்ள தண்ணி இருக்கா?"

"இந்த மாடல்ல தண்ணியே கிடையாதும்மா. போதும், நாடி வந்திருச்சு. நிறுத்துங்க."

திரையில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைக்கு அடியில் ஒன்றுமே இல்லை...

நிறுத்த மனம் வரவில்லை.

"யமுனா, போதும்னு சொல்றேன்ல."

களக்... பொம்மையின் தொண்டைக்குள்.

அழுத்தினாள்.

களக்...

வாயோரம் ஈரம்.

அழுத்தினாள்.

பொம்மை இருமியது.

பீமராவ் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலை," என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து யமுனாவைக் கீழே அவசரப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். ஜீயபுரத்திலிருந்து பெரியண்ணன் என்ற வாழை விவசாயி, தன் மகள் வேணியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். குளிக்கப்போன பிள்ளை காவிரியில் மூழ்கிவிட்டாளாம்.

"கரையில தூக்கிப் போட்டப்ப மூச்சே இல்லைங்க டாக்டர். என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. சுத்தி நின்னு அழுதுக்கிட்டு இருந்தோம். திடீர்னு இருமி, தண்ணியக் கக்குச்சு."

யமுனா குழந்தையின் சட்டையை விலக்கினாள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது.

"நெஞ்ச அமுக்குனது யாருங்க?"

"யாரும் தொடவே இல்லைங்க."

வேணி கண்ணைத் திறந்தாள். யமுனாவையே பார்த்தாள்.

"அந்த சார் போதும் போதும்னாரு," என்றாள் மெதுவாக. "நீங்கதான் கேக்கலை அக்கா."