புது லினக்ஸில் ஓடாத குமிழி விளையாட்டு

ஆஸ்பத்திரியிலிருந்து மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

சும்மா இருக்க முடியாமல் நேற்று கம்ப்யூட்டரில் லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். இன்று பார்த்தால், வழக்கமாக ஆடும் குமிழி உடைக்கும் விளையாட்டைக் காணோம். மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் ஏதோ எரர் வந்து நின்றுவிட்டது.

சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன்.

"என்ன வருதுன்னு படி அக்கா," என்றான். படித்தேன்.

"பழைய வெர்ஷனோட ஃபைல் ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு. அத எடுத்துட்டு மறுபடி போடு."

கமாண்டை எழுத்தெழுத்தாகச் சொன்னான், அடித்தேன். நடுவில் கடைக்கு வந்த யாரிடமோ, "சாயங்காலம் வாங்க சார்," என்றான். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த வாரம் எனக்கு ஆறுதல் சொல்லாமல் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

விளையாட்டு திறந்தது. சந்தோஷமெல்லாம் இல்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தேன். இரண்டு மூன்று ஆட்டம் முடிந்த பிறகு போனிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"அக்கா, நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்."

"வச்சிடாதடா."

"வைக்கல. நீ ஆடு."

ஆடினேன்.

விளையாட்டில் சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.