பரீட்சைக்குப் போகாத கோல்கீப்பர்

பிரிக்ஃபீல்ட்ஸில் விளையாட்டு வீரர் படம் போட்ட பழைய அட்டை வாங்கி விற்கிறவன் வாயில் பொய்யே வராது. என் தலைமேல், என் பூதக்கண்ணாடிமேல், சாயங்காலம் நான் தின்னப்போகிற வடைமேல் சத்தியம், இதில் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அட்டை சேர்த்து வீட்டில் திட்டு வாங்கும் என் இனமே, கேளுங்கள்.

மூச்சு விடாதீங்க

கிள்ளானிலிருந்து மணியம் வந்தார், ஓய்வுபெற்ற லோரி டிரைவர். கூடவே மனைவி சரோஜா. கையில், மணியம் பள்ளியில் படித்த காலத்தில் பபிள்கம் பாக்கெட்டில் கிடைத்த கால்பந்து கோல்கீப்பர் அட்டை ஒன்று. அதை விற்று வாஷிங் மெஷின் வாங்குவதென்று அந்தம்மா முடிவே செய்துவிட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். நான் அடக்கினால் இரண்டு ரயில் வந்து போய்விடும். மூன்று மூலை கத்தி மாதிரி. நாலாவது கொஞ்சம் மழுங்கல்.

கிரேடிங் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவது. அங்கே பத்துக்கு மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். மார்க் கூடினால் விலை ஏறும். குறைந்தால் அனுப்பின செலவும் தண்டம். இந்த மூலைக்கு அதெல்லாம் வேண்டாம், அப்படியே விற்றுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மணியம் என்னை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காதைக் கடித்தார்: "அண்ணே, கிரேடிங் பண்ணியே ஆகணும்னு சொல்லுங்க லா. போய்த் திரும்ப மாசக்கணக்கா ஆகும்ல?"

சந்தனமும் குங்குமமும்

சொன்னேன். நல்ல நாள் பார்த்து அனுப்பலாம் என்று சரோஜா அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போனார். அடுத்த வாரம் கொண்டுவந்தபோது எனக்குத் தலை சுற்றியது. சாமி படத்தடியில் வைத்து, நாலு மூலைக்கும் சந்தனம், குங்குமம். கோல்கீப்பர் நெற்றியிலும் ஒன்று. இனி எந்த ஊரிலும் இதற்கு மார்க் போடமாட்டார்கள் என்று தலையில் கைவைத்தேன்.

"ஏன் அண்ணே, பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு வைக்கிறோம்ல? இவரும் பரீட்சைக்குத்தானே போறாரு!" என்றார் சரோஜா.

ரவாங்காரர்

இனி விலைபோகாது என்று மணியம் முகத்தில் தீபாவளி. அது எவ்வளவு நேரம்? ரவாங்கிலிருந்து வந்து கடையில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் அட்டையைக் கையில் எடுத்தார். "எனக்கு மார்க் எல்லாம் வேணாம் பாஸ், என் செட்ல இந்த ஆள் மட்டும்தான் இல்ல" என்று ஒரு விலை சொன்னார். வாஷிங் மெஷின் தாராளமாக வரும்.

"பொட்டு வச்சதை விக்கக்கூடாது, சரோ" என்று முனகினார் மணியம்.

"உங்க லோரிக்கு வருசா வருசம் வச்சேன். வித்தீங்களே?"

மணியம், ரவாங்காரர் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கோல்கீப்பரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரவாங்காரர் கையிலிருந்து அட்டையை வெடுக்கென்று வாங்கிப் பைக்குள் போட்டார்.

"சரி, வாங்க வீட்டுக்கு. இனிமே துணி துவைக்கிறது நீங்கதான்!"

கிரேடிங் பண்ணலாமா என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு விற்கவே மனசில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது, ஆனால் இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், சரோஜா அம்மா துணிமூட்டையை என் கடையிலேயே இறக்கிவிடுவார்.