பூத்துப்போன பிச்சி

போன வாரம் ஹர்த்தால் முடிந்த சாயங்காலம் பிச்சிப்பூ வாங்கப் பழவங்காடிக்குப் போனேன். கடைக்காரன் செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "சாரே, விரிஞ்ச பூதான் உண்டு. மதியா?" என்றான். போதாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவரிடம் திரும்பிவிட்டான்.

பூத்தல் என்ற சொல்லுக்கு அகராதியில் நல்ல பொருள்களாகவே போட்டிருக்கிறார்கள்: மலர்தல், பொலிதல், தோன்றுதல். நான் வளர்ந்த வீட்டில் அது கெட்ட செய்தி. அப்பா கொழும்பில் வேலையாக இருந்ததால், அம்மாவும் நானும் ஆரியசாலையில் மாமா வீட்டில் இருந்தோம். மாமாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பூக்கடை. தோவாளையிலிருந்து காலை பஸ்ஸில் மொட்டாக வரும் பிச்சியை மத்தியானத்துக்குள் விற்றாக வேண்டும். பூப்பது, வாங்கியவர்கள் தலையில் நடக்க வேண்டிய காரியம். கடையில் நடந்தால் நஷ்டம். "பூத்துட்டா?" என்று அத்தை கேட்பாள், பால் திரிந்துவிட்டதா என்று கேட்கும் குரலில். அவள் தலையில் நறுக்கிக் கழித்த துண்டைத் தவிர முழுச்சரத்தை நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயது. பெரிய மாமாவிடமிருந்து பிரிந்து மாமா தனிக்கடை போட்ட வருடம். கோட்டைக்குள் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு முழுப் பூவும் அவர் பொறுப்பில் வந்தது. ஒழுங்காகக் கொடுத்தால் அந்தத் தெருவே அவர் கையில். தவறினால் அண்ணன் கடை நாலு கடை தள்ளித்தான் இருந்தது.

அன்றைக்கென்று பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். ஆறு கூடைப் பூவோடு வந்த பஸ்ஸை நெய்யாற்றின்கரையில் நிறுத்திவிட்டார்கள். மாமா சைக்கிளில் போய், மாட்டுவண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அத்தை ஈரத்துணியை விலக்கினாள். ஆறு கூடையும் வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது.

"எந்தா ஒரு மணம்!" என்றான் வண்டிக்காரன். மாமா வண்டிக்கூலியை எண்ணிக் கொடுத்தார்.

பெரிய மாமா சொந்த லாரியில் பூ வரவழைத்து, மத்தியானமே கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்பதை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். இருவருக்கும் அவள்தான் அக்கா. மாமா உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நான் கூடைகளின் நடுவே உட்கார்ந்து, வீணாய்ப் போன பூ எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன்.

அத்தை ஒரு கூடையை இழுத்து வைத்துக்கொண்டு நாரில் கட்டத் தொடங்கினாள்.

"ஏட்டி, யாருக்குக் கட்டுகே?" என்றாள் அம்மா.

"எனக்குத்தான் மைனி."

"யாவாரம் முங்குன அன்னைக்கா?"

"பின்னே என்னைக்கு? விக்கதுக்கு இருந்தா உங்க தம்பி தொட விடுவாகளா?"

கல்யாணப் பெண்கூட அவ்வளவு பூ வைத்திருக்கமாட்டாள். கழுத்து சாய்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு, சோற்றுத் தட்டோடு போய் மாமா எதிரில் உட்கார்ந்தாள். எனக்குக் கோபமாக வந்தது. இவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லையே!

மாமா நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முழம் என்ன விலை?"

"உங்களால வாங்க ஏலாது."

"கடன் சொன்னா?"

"ஆளைப் பாத்துத்தான் குடுப்போம்."

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அம்மா என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிடே. மிச்சப் பூவைத் தெருவுல குடுத்துட்டு வருவோம்."

"இன்னும் நாலு கூடை எண்ணணும்!"

"எண்ணினது போதும்" என்று ஒரு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு கணக்கும் இல்லாமல் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். அடுத்தவர் வீட்டுப் படியில் இரண்டு வார்த்தைக்கு மேல் நிற்காதவள், அன்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கேட்ட கதையையே திரும்பவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடை காலியான பிறகும், பசிக்கிறது என்று நான் சிணுங்கியும், அவள் வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை.