கௌரி டீச்சரும் வளைவில் திரும்பாத ரோபோவும்

அலவத்துகொடையில் ஒரு கலியாண வீடு. சஹன் என்ற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து பாதிச் சோற்றை முடித்திருந்தோம். அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. கை முழுக்க நெய்ச்சோறு என்பதால் பக்கத்தில் இருந்த மச்சான் எடுத்து என் காதில் வைத்தார். குண்டசாலையிலிருந்து பாலா அண்ணன் பேசினார், கௌரி டீச்சரின் கணவர். "மாஸ்டர், கௌரி இண்டைக்கு விடிய எங்களை விட்டிட்டுப் போயிட்டா. நித்திரையிலதான். உங்களுக்குத்தான் முதல் சொல்லவேணும் எண்டு நினைச்சன், அவவோட சண்டை பிடிச்ச ஆள் நீங்கள்தானே" என்றார். நான் சஹனை விட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

சண்டை பிடித்த ஆள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். கண்டியில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் அவர் பௌதிகவியல் படிப்பித்தார், நான் கணினி. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை மாற்றலாகி வந்தவர், போரில் ஊருக்குப் போகும் பாதை மூடிக்கொண்டதால் இங்கேயே தங்கிவிட்டார். நான் கண்டிக்குப் பக்கத்து மடவளை முஸ்லிம். ஊர்ப் பேச்சும் ஊர்க் கோபமும் எனக்குக் கொஞ்சம் அதிகம். வெளிநாட்டில் இருந்த ஒரு பழைய மாணவர் பாடசாலைக்கு ரோபோப் பெட்டிகள் சிலவற்றை அனுப்பாமல் இருந்திருந்தால், நாங்கள் இருவரும் காலை வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருப்போம்.

ரோபோ என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். உள்ளங்கை அளவில் இரண்டு சில்லு வைத்த ஒரு வண்டி. தரையில் கறுப்புக் கோடு போட்டால் அதைப் பார்த்துப் பார்த்துப் போகும். எப்படிப் போகவேண்டும் என்பதைக் கணினியில் எழுதி, ஒரு வயர் வழியாக அதற்குள் ஏற்றவேண்டும். எந்தக் கணினியில், எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. என்னுடையது விண்டோஸ். முன்னால் போ, இடப்பக்கம் திரும்பு என்று படங்கள் இருக்கும். பிள்ளைகள் அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். டீச்சருடையது லினக்ஸ். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்யவேண்டும், ஒரு புள்ளி தவறினாலும் வண்டி அசையாது.

"படத்தை இழுத்துப் பழகின பிள்ளை, படம் இல்லாட்டி முழுசிக்கொண்டு நிக்கும் மாஸ்டர்" என்பார். ஒரு புள்ளியை விட்டதற்குப் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத் தண்டனையா என்று நான் கேட்பேன். இடைவேளை மணி அடித்தால் தேநீர்க் கோப்பையோடு ஆரம்பிப்போம். எங்கள் இருவருக்கும் நடுவில் கதிரை போட்டிருந்த சித்திர டீச்சர் ஒரே தவணையில் நூலகத்துக்கு இடம் மாறிப் போய்விட்டார். பிள்ளைகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கடைசியில் அதிபர் எங்களைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் செய்வது பிழை, இப்படியே போனால் ரோபோக்களை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். டீச்சர் நிமிர்ந்து, "பிழை எண்டால் எந்த வரியில எண்டு சொல்லுங்கோ சேர்" என்றார். அதிபரிடம் அப்படிப் பேச அவரால்தான் முடியும். பிறகு ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஒரு போட்டிக்கு அவருடைய லினக்ஸ், அடுத்த போட்டிக்கு என்னுடைய விண்டோஸ். அதைச் சீ.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டைக் கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்தும் வைத்தோம்.

ஒரு தடவை எங்கிருந்தோ வாங்கி வந்த பென்டிரைவை நானே செருகி, வைரஸை என் கணினிக்குள் ஏற்றிவிட்டேன். கண்காட்சிக்குப் பிள்ளைகள் செய்து வைத்திருந்ததெல்லாம் போச்சு. டீச்சர் என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். அவரோ சனிக்கிழமை தன் லினக்ஸ் சீடியோடு வந்து, காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் மீட்டுத் தந்தார். "உங்கட விண்டோஸைக் காப்பாத்தினது லினக்ஸ் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை முதலாம் பாடம் முடியுமுன் காவலாளிக்குக்கூட விஷயம் தெரிந்திருந்தது.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். போர் உச்சத்தில் இருந்த காலம். கேட்பாரற்ற பொதியைக் கண்டால் உடனே அறிவியுங்கள் என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒட்டியிருப்பார்கள். டீச்சரின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. நான் ஒரு நொடியில் கடந்துபோகும் சோதனைச் சாவடியில் அவர் பத்து நிமிடம் நின்று, எங்கே தங்கியிருக்கிறீர்கள், ஏன் வந்தீர்கள் என்ற அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்வார். அவருக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை அதற்கு முந்திய மாதம்தான் விசாரணைக்கென்று கூட்டிப் போயிருந்தார்கள், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

பேராதனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரோபோப் போட்டி. பிள்ளைகளைப் பெற்றோர் ஒரு வேனில் ஏற்றிக் கூட்டிப் போனார்கள். வயரும் பற்றரியும் உள்ள சாமானைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துச் சாவடி தாண்ட விடக்கூடாது என்று, அதை நாங்கள் இருவரும் பஸ்ஸில் கொண்டுபோக ஏற்பாடு. இது ரோபோதான் என்று அதிபர் சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திய கடிதமும் இருந்தது. கடிதம் கசங்கிவிடும் என்று அதை ரோபோப் பெட்டிக்குள்ளேயே வைத்த புத்திசாலி நான்தான்.

அந்தத் தடவை என் முறை. மூன்று கிழமை இருந்து நான் செய்த புரோகிராம் உள்ளே இருந்தது. அது வளைவில் கட்டாயம் சறுக்கும் என்று டீச்சர் கண்டியிலிருந்தே தொடங்கிவிட்டார். சறுக்காது என்று நான். இறங்கும்போதும் வாய் ஓயவில்லை. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கம்பளைப் பக்கம் போய்விட்டது. வீதியோரத்தில் நின்று இன்னும் ஒரு சுற்று வாதாடினோம். திடீரென்று டீச்சர் என் கைகளைப் பார்த்தார். நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். பெட்டி பஸ்ஸில், இருக்கைக்குக் கீழே.

ஆட்டோ பிடித்துத் துரத்தினோம். இரண்டு மைல் தாண்டி பஸ் நிறுத்தப்பட்டிருந்தது, ஆளில்லாத பெட்டியை யாரோ கண்டுவிட்டார்கள். பயணிகள் எல்லோரும் தூரத்தில் ஒரு தேநீர்க் கடைப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். கயிறு கட்டியிருந்தார்கள். பொலிஸும் இராணுவமும் வந்தாயிற்று, குண்டு செயலிழக்க வைப்பவர்களைக் கூட்டிவர ஆளும் போயாயிற்று. நாங்கள் ஓடிப்போய் நிற்க, ஒரு பொலிஸ் அதிகாரி எங்கள் அடையாள அட்டைகளை வாங்கினார். என்னுடையதைச் சும்மா பார்த்துவிட்டு, டீச்சருடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மேக காகெத?" என்று கேட்டார். இது யாருடையது என்று கேட்டாலும், அவருடைய சந்தேகம் யார் மேல் என்பது அங்கே நின்ற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் வாயைத் திறக்குமுன் டீச்சர் ஓரடி முன்னால் வைத்தார். நல்ல சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். "என்னுடையது. செய்தது நான். உள்ளே இருக்கும் புரோகிராமை எழுதியதும் நான். இவர் சும்மா துணைக்கு வந்தவர்."

எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம்! "இல்ல சேர், புரோகிராம் என்னோடது" என்று கத்தினேன். மூன்று கிழமை நான் கண்விழித்துச் செய்தது, இந்த டீச்சருக்கு விண்டோஸைத் திறக்கக்கூடத் தெரியாது என்றேன். "வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ மாஸ்டர்" என்று அவர் பல்லைக் கடித்தார். ஏன் மூடவேண்டும் என்று நான். பிறகு இரண்டு பேரும் சிங்களத்தை விட்டுத் தமிழுக்கு மாறிவிட்டோம். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் தலையை அங்கும் இங்கும் திருப்பினான். தேநீர்க் கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அதிகாரி எங்கள் அதிபரைத் தொலைபேசியில் பிடித்தார். அதிபர் கேட்டது ஒரே கேள்வியாம். இருவரும் இப்போது சண்டை பிடிக்கிறார்களா? ஆம் என்றதும், அப்படியென்றால் அவர்கள் என் ஆசிரியர்கள்தான் என்றாராம்.

அதிகாரி நம்பினார், ஆனால் முழுதாக இல்லை. நீங்களே பெட்டியைத் திறந்து ஓடவிட்டுக் காட்டுங்கள் என்றார். தேநீர்க் கடைச் சீமெந்துத் தரையில் கறுப்பு டேப் ஒட்டினோம், நேராக ஒரு முழம், பிறகு ஒரு வளைவு. நான் சுவிட்சைப் போட்டேன். வண்டி நேர்க்கோட்டில் அழகாகப் போனது. வளைவில் கோட்டை விட்டுவிட்டு, போய் அதிகாரியின் சப்பாத்தில் முட்டி நின்றது.

"பாத்தியளா? நான் எழுதியிருந்தால் வளைஞ்சிருக்கும்" என்றார் டீச்சர்.

கிழக்கில் சில காலம் வேலை செய்தவர் அந்த அதிகாரி. ஓரளவு தமிழ் விளங்கும். "அப்ப டீச்சர் எழுதல்லையா?" என்றார். டீச்சர் குனிந்து வண்டியைக் கையில் எடுத்து, அதன் சில்லுகளைத் துடைக்கத் தொடங்கினார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார், அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தார், எங்களை ஏற்றிப் போக ஆட்டோவையும் அவரே நிறுத்தினார். மண்டபத்தில் என் மடிக்கணினியைப் பிடுங்கி, மௌஸைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்து, வளைவு வருமுன் ஒரு சில்லை மெதுவாக்கும் படத்தை டீச்சரே இழுத்து வைத்தார். பிள்ளைகள் இரண்டாம் இடம் எடுத்தார்கள். நாங்கள் இருவரும் வெட்கமில்லாமல் துள்ளினோம்.

அடுத்த நாளிலிருந்து டீச்சர் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். "எனக்கு யாழ்ப்பாண அட்டை. என்னைக் கொண்டு போயிருப்பினம். மாஸ்டர் ஒரு நிமிசம் யோசிக்கேல்லை, தன்ர எண்டு சொல்லி முன்னால வந்து நிண்டவர்." ஆசிரியர் அறையில் சொன்னார், உறவினர்களுக்குச் சொன்னார், என் மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு வைத்தும் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு கேட்டிருந்தேன்.

நேற்று செத்த வீட்டில் டீச்சரின் தங்கை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்காவைக் காப்பாத்தின மாஸ்டர் நீங்கள்தானே" என்று அழுதார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. டீச்சரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுவது அதனால்தான். அந்த நேரத்தில் அவருடைய அடையாள அட்டை என் நினைவிலேயே இல்லை. என் புரோகிராமை இன்னொருவர் தன்னுடையது என்கிறாரே என்ற ஆத்திரம் மட்டுமே இருந்தது. என் அட்டையோடு நான் சொல்லியிருந்தால் இரண்டு கேள்வியோடு முடிந்திருக்கும். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தன்னுடையது என்று சொல்லி, எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரிந்தும் முன்னால் போனவர் அவர்.

அவர் ஓய்வுபெற்ற அன்று இதைச் சொல்லிவிடப் பார்த்தேன். "டீச்சர், அன்னைக்கு நான் ஒங்களக் காப்பாத்தணும்னு நெனச்சுச் சொல்லல்ல."

"தெரியும் மாஸ்டர். உங்கட முகத்தைப் பாக்கவே தெரிஞ்சது" என்றார். "எண்டாலும் கதை இப்பிடித்தான் வடிவா இருக்கு."

எத்தனையோ வருடம் வாதாடி ஒரு புள்ளிகூட எனக்கு விட்டுக்கொடுக்காதவர், தன்னுடைய துணிச்சலைத் தூக்கி என் பெயரில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். என்னுடையது இல்லை என்று இன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், ஆனால் திருப்பிக் கொடுக்க டீச்சர் இல்லை.