எல்லப்பன் ஓடத்துக்கு மூணு பணம்

ஓடத்துல ஓட்டைய அடைக்கறது ஒரு வாரத்து வேலை, அதுக்குக் கூலி வாங்கறது ஒரு வருசத்து வேலை. பழவேற்காட்டு ஏரிக்கரையில கொட்டாய் போட்டு ஓடம் பழுது பாக்கறவன் நான். நீங்க தறிக்காரரா இருந்தாலும் சரி, கொல்லரா இருந்தாலும் சரி, கடனுக்கு வேலை செஞ்சு குடுத்துட்டு நடையா நடந்தவங்கன்னா நீங்களும் எனக்கு ஒறவுதான்.

செத்தவன் பாக்கி

கோட்டையில கணக்கெழுதற ஒல்லாந்துக்காரன் ஒருத்தன், ஏரியில வாத்து சுடறதுக்குன்னு சின்னதா ஒரு ஓடம் வச்சிருந்தான். அடிப்பலகை உளுத்துப்போச்சுன்னு வந்தான். புதுப்பலகை போட்டுக் குடுத்தேன். கப்பல் வந்தா சம்பளம், சம்பளம் வந்தா உனக்குக் கூலின்னான். கப்பல் என்னமோ வந்துச்சு. அதுக்கு நாலு நாள் முன்னாடி அவன் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டான்.

எழுந்து வந்து எண்ணிக் குடுக்கப் போறவன் மாதிரி, அவனத் தேடிக் கல்லறைத் தோட்டத்துக்கே போனேன். அங்க ஒரு கல்தச்சர் அவன் பேரைச் செதுக்கிட்டிருந்தார். மண்டையோடும் எலும்புமா கல்லுல நேர்த்தியான வேலை. அவர்கிட்ட என் கதைய எல்லாம் சொல்லிப் புலம்பினேன். உளிய நிறுத்தாமலே சொன்னார்: "இன்னாபா நீ, நான்லாம் முழுக்கூலியும் வாங்கிட்டுதான் கல்லையே தொடுவேன்."

பசியாவரத்துக்கு மூணு நடை

அந்தக் கோபம் எல்லப்பன் தலையில விடிஞ்சுது. ஏரி நடுவுல இருக்கற பசியாவரத்துல எறா புடிக்கறவன் எல்லப்பன். அவன் ஓடத்துக்கு ஒரு பக்கம் பூராவும் பலகை மாத்திக் குடுத்திருந்தேன். கூலி மூணு பணம். என் பாடு வந்ததும் தரேன்னு சொல்லிட்டு ஓட்டிக்கிட்டுப் போனான்.

பாடுன்னா ஏரிக்காரங்க முறை. நல்லா எறா விழற எடத்துல எல்லாரும் ஒரே நாள்ல வலை போட்டா அடிதடிதான். அதனால சீட்டு போட்டு, குடும்பத்துக்கு ஒரு நாள்னு ஒதுக்கிக்குவாங்க. பொழுது கெளம்பறதுக்குள்ள வலை எறங்கலன்னா அந்த நாள் அடுத்த குடும்பத்துக்கு. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா மொத தடவ போனப்போ பாடு இன்னும் வரலன்னான், ரெண்டாவது தடவயும் அதையே சொன்னான். மூணாவது தடவ அவன் பொண்டாட்டி குப்பம்மா கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு அதே பாட்டைப் பாடுனா. கப்பல் வரட்டும்னு அந்த ஒல்லாந்துக்காரன் சொன்ன மாதிரியே எனக்குக் காதுல விழுந்துச்சு.

குடிச்ச கஞ்சி வயித்துல இருக்கும்போதே கரையில நின்ன அவன் ஓடத்தை அவுத்து, என் ஓடத்தோட பின்னால கட்டுனேன். எல்லப்பன் வலைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். சண்டை போடல. இடுப்பளவு தண்ணியில நின்னு என் கையப் புடிச்சுக்கிட்டான். "நாளைக்குத்தான் அண்ணே என் பாடு. நாளை ஒரு நாள் விட்டுரு, அப்புறம் ஓடத்தோட என்னையும் இழுத்துக்கினு போ."

மீன் சந்தையில

கடன்காரன் எவன் வாயிலதான் 'நாளைக்கு' வரல? நான் நம்பல. இழுத்துட்டு வந்துட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

மறுநாள் காலையில பழவேற்காட்டுச் சந்தையில கூடைகூடையா எறா வந்து எறங்குச்சு. அந்த வருசமே அப்படி ஒரு நாள் பாக்கல. நான் கொஞ்சம் வாங்கலாம்னு குனிஞ்சேன். விக்கறவ பசியாவரத்துக்காரிதான், ஆனா வேற குடும்பம். எரவல் ஓடம் தேடிக்கிட்டு வீடுவீடா எல்லப்பன் போனதையும், எல்லாரும் நண்டுக்குக் கெளம்பிப் போயிருந்ததையும், அதுக்குள்ள பொழுது கெளம்பிட்டதையும் அவளே சொன்னா. அது என் வேலைன்னு அவளுக்குத் தெரியாது. ரெண்டு கையாலயும் அள்ளி என் துணியில போட்டா. "நல்லா வாங்கிக்கோ நைனா, எல்லாம் எல்லப்பன் வலையில விழ வேண்டியது."

எண்ணி வச்ச பணம்

ஓடத்தை அன்னிக்கே கொண்டுபோய் விட்டிருக்கணும். வெக்கம் புடுங்கித் தின்னுச்சு, ரெண்டு நாள் கொட்டாய விட்டே வெளிய வரல. மூணாவது நாள்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். கூலியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அவன்கிட்ட சொல்லத்தான் போனேன்.

குப்பம்மா மட்டும்தான் இருந்தா. வலைக்குக் கடனா நூல் குடுத்தவனும் அந்தப் பாடு நாளை நம்பித்தான் பொறுத்திருந்தானாம். பாடு போச்சுன்னு தெரிஞ்சதும் அவனும் வந்து கழுத்துல துண்டைப் போட்டிருக்கான். எல்லப்பன் நேரா பழவேற்காட்டுக்குப் போய், கடலுக்கு அந்தாண்ட ஒல்லாந்துக்காரங்க ஆள்ற பத்தாவிக்கு அஞ்சு வருசம் கூலியா வரேன்னு ஒத்துக்கிட்டு முன்பணம் வாங்கியிருக்கான். முந்தின நாள் சாயங்காலமே கப்பல் பாய் விரிச்சிடுச்சு.

உள்ள போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டாந்தா. நான் கையப் பின்னால கட்டிக்கிட்டேன். அவ விடல, கைய இழுத்து உள்ளங்கையில வச்சு விரலை மடக்குனா. "வாங்கிக்கோண்ணே. உனக்கு எண்ணி வச்சிட்டுதான் கப்பல் ஏறுவேன்னு நின்னுட்டாரு."

ஏழு வருசமாச்சு, அவன் இன்னும் திரும்பல. அந்த ஓடத்துக்கு வருசா வருசம் நான்தான் போய் சும்மா பலகை மாத்திட்டு வரேன். எத்தனையோ பாக்கிக்கு நடந்து கால் தேஞ்சிருக்கேன், ஒரு காசு குறையாம வசூலானது அது ஒண்ணுதான்.